மாமா வைத்த புகை

வைகாசி 18, இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை.

மேகமலையில் எந்த உயரத்தில் என்னென்ன வௌவால் வாழ்கிறது என்று இரண்டு வருடமாக ஆராய்ந்துவருகிறேன். வகைகள் மிகுந்த இடம் சின்னமனூர் அடிவாரத்துக் குகைதான். இன்று போனால் உள்ளே டயர் எரிந்த நாற்றம். தரையெல்லாம் செத்த வௌவால்கள். சிலவற்றின் மார்பில் குட்டி ஒட்டியபடியே கிடந்தது.

தீ வைத்தது என் தாய்மாமா. குகையை ஒட்டித்தான் அவருடைய திராட்சைத் தோட்டம். அங்கே போய் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கேரளாவுல வௌவால் காய்ச்சல்னு டிவியில சொன்னாக. பிள்ளைகளுக்கு வந்தா நீயா ஆத்தா பாப்ப?" என்றார்.

"அதப் பரப்புறது பழந்தின்னி வௌவால் மாமா. இதுக ஒங்க தோட்டத்துப் பூச்சியத் திங்கிறதுக."

"அப்ப மேகமலைக்குப் போயிப் பொழைக்கட்டும். அங்கன அம்புட்டுக் காடு கெடக்குல்ல?"

மேலே குளிர், பூச்சியும் குறைவு. இந்தக் குகையில் இருந்த வகைகளில் பாதியை நான் மேலே ஒருநாளும் பார்த்ததில்லை. சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவர் சிரித்தார். கையிலிருந்த டார்ச்சை அவர் காலடியில் வீசி உடைத்துவிட்டு வந்தேன்.

மாமாவிடம் மன்னிப்புக் கேள் என்கிறாள் அம்மா. மாட்டேன். முதலில் அவர் அந்தக் குகைக்குள் போய்த் தரையைப் பார்க்கட்டும்.