வர முடியல

சித்தப்பா,

என் சிநேகிதி ஷெரினுக்கு நகம் வைக்க ஆசை. இருக்கிற நகத்துக்கு மேலே இன்னொரு நகம். கிழக்கேகோட்டைப் பக்கம் புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள் என்று நேற்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே ஒரு பெண் மாஸ்க் போட்டுக்கொண்டு, சின்னக் கிண்ணத்தில் ஏதோ பொடியையும் ஏதோ திரவத்தையும் குழைத்தாள். மூக்கில் ஏறி, கண்ணில் இறங்கி, என்னை அப்படியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டது அந்த நாற்றம்.

"அய்யே, என்ன ஒரு நாத்தம்!" என்று ஷெரின் மூக்கைப் பொத்தினாள்.

"எங்க சித்தப்பா வாசனை" என்றேன்.

"உங்க சித்தப்பா நகம் வைப்பாரா?"

"இல்ல. பல்லு."

கடைக்காரப் பெண் சிரித்தாள். ஷெரினும் சிரித்தாள். நான் சொன்ன ஜோக்குக்கு நான் மட்டும் சிரிக்காதது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன்னை 'நீ' என்றுதான் எழுதப்போகிறேன். செத்ததிலிருந்து வீட்டில் எல்லாரும் உன்னை 'அவர்' ஆக்கிவிட்டார்கள். இருக்கும்போது 'அவன்'தான். அம்மா மட்டும் எத்தனையோ தடவை என் தலையில் குட்டியிருக்கிறாள், "சித்தப்பாவை நீங்கன்னு சொல்லுடி" என்று. நீதான் குறுக்கே வந்து நிற்பாய். "மதினி, குட்டியைக் குட்டாதீங்க." அன்றைக்கு இல்லாத மரியாதையை இன்றைக்கு நான் எங்கேபோய் வாங்குவேன்?

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி லேப்பில் நீ பல் செய்தாய். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்கு மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுக்கும் வேலை. கல்யாண வீடுகளில் அப்பா உன்னை அறிமுகப்படுத்துவார். "நம்ம தம்பி. டென்டல்ல இருக்கான்."

"டாக்டரா?"

"ஆங்... அந்த லைன்தான்."

அந்த லைன் இல்லாத இன்னொரு லைன் உனக்கு இருந்ததே, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாராவது நம் வீட்டு மாடிக்கு ஏறி, சுவரெல்லாம் சாய்த்து வைத்திருக்கும் உன் படங்களைப் பார்த்துவிட்டால், "சும்மா, லீவு நாள்ல எதாவது வரைவான்" என்பார். சும்மா. நீ விடிந்ததும் எழுந்து வரைந்து, பிரஷ்ஷைக் கழுவி, குளித்து, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு லேப்புக்கு ஓடியதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. உன் விரலில் ஒரு பக்கம் ஈறு நிறத்து ரோஸ், மறுபக்கம் விழிஞ்ஞம் கடலின் நீலம். "ரெண்டும் அக்ரிலிக்தான், குட்டி. ஒண்ணு கடிக்கும், ஒண்ணு கடிக்காது" என்பாய். எது கடிக்கும் என்று கேட்டால், "அதுதான் இன்னும் தெரியல."

பல்லும் கலையும் சேர்ந்த ஆள் நீ. அதனால் உன் அறைக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்தேன்: 'பல்கலைக்கழகம். துணைவேந்தர் வெளியே போயிருக்கிறார்.' சாயங்காலம் வந்து பார்த்தபோது அதற்குக் கீழே உன் எழுத்து: 'மாணவர் சேர்க்கை கிடையாது. ஓடிப்போ.'

உன் படங்களில் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆட்டோக்காரர், பூக்காரி, மழைக்கு ஒதுங்கின போலீஸ்காரர், எல்லாரும் உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்பார்கள். "ஏன் சித்தப்பா, எல்லாருக்கும் பல்வலியா?" என்று கேட்டேன். "நாள் முழுக்கப் பல்லுதான பாக்கேன். இங்கயாவது மூடிட்டு இருக்கட்டும்" என்றாய்.

மலையாள ஊரில் தமிழ் பேசுகிற நம் வீட்டில் 'வர' என்றால் ரெண்டு. தமிழில் 'வர முடியுமா' என்கிற வர. மலையாளத்தில் வர என்றால் வரைவது, கோடு, படம். நீ மாடியில் இருந்தால் "சித்தப்பாக்கு வர" என்போம். நீ லேப்புக்குக் கிளம்பினால் "சித்தப்பா வர நேரமாகும்" என்போம். ஒரு நாள் உன் போனைப் பிடுங்கி, உன் முதலாளிக்கு லீவு மெசேஜ் மலையாளத்தில் தயார் செய்தேன். "வர உண்டு. வரில்லா." படம் இருக்கு, வரமாட்டேன். நீ படித்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தாய். அப்புறம் அதை அழித்தாய். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு லேப்புக்குப் போனாய். உன் வாழ்க்கையின் ஒழுங்கு அதுதான். சிரிப்பாய், அழிப்பாய், போவாய்.

விழிஞ்ஞத்து அம்மாவை உனக்கு நான்தான் பிடித்துக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கா? ஞாயிற்றுக்கிழமை, ஏலம் முடிந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தார். நீ தள்ளி நின்று பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்தாய். அவர் தலையைத் தூக்கி, "எந்து மீனா வேண்டது?" என்று அதட்டினார். நீ முழித்தாய். நான் சொன்னேன், "வரால்."

"கடலில் எவிடெயா கொச்சே வரால்?" குளத்து மீனைக் கடலில் வந்து கேட்கிறாளே என்று அவருக்கு எரிச்சல்.

உன்னைக் காட்டினேன். "இதா நிக்கிறாரே. வர-ஆளு."

ஒரு நொடி ஆனது அவருக்குப் புரிய. பிறகு வாய் முழுக்கத் திறந்து சிரித்தார் பார், முன்னால் ஒரு பல் இல்லை, பக்கத்துப் பல் அந்தக் காலி இடத்தை எட்டிப்பார்ப்பதுபோல் சாய்ந்திருந்தது. நீ அப்படியே நின்றாய். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் நீ கத்திச் சொன்னதில் பாதி காற்றில் போனது, பாதி கேட்டது. "லேப்ல அந்தப் பல்லைச் செஞ்சா டாக்டர் திருப்பி அனுப்பிருவாரு, கேட்டியா. படத்துல யாரு திருப்பி அனுப்புவா? அந்த அம்மாக்கு மட்டும் பல்லு வைக்கப்போறேன்."

உன் படங்களிலேயே பெரியது அது. கூடை, கை, கழுத்து, கண் எல்லாம் வந்துவிட்டது. வாயை மட்டும் கடைசிக்கு வைத்தாய். துணியின் வெள்ளை அப்படியே விட்டிருந்தது. கேலரிக்காரர்கள் உன்னைத் தேடிவந்து இடம் தருகிறோம் என்று சொன்னது அந்தச் சமயத்தில்தான். உன் படங்கள் மட்டும், ஒரு வாரம். நீ அன்றைக்கு மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டாய். அம்மா வாயைப் பிளந்தாள்.

லீவு கேட்டாய். கல்ஃப்காரர்கள் ஊருக்கு வரும் மாசம், வந்த கையோடு வயசான அம்மா அப்பாவுக்குப் பல் கட்டிவிட்டுத்தான் பிளேன் ஏறுவார்கள், இப்போது லீவு எடுத்தால் திரும்பி வரவே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். நீ அதை ராத்திரி சாப்பாட்டில், ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். வேலையை விட்டுவிடலாமா என்று நீ கேட்கவில்லை. கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாய்.

அப்பா சொன்னார்: "படம் எங்கயும் போயிராதுடா. வேலை போயிரும்."

கேலரிக்காரர்கள் அந்த வாரத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இப்போது பார். படம் எங்கேயும் போகவில்லை. வேலையும் எங்கேயும் போகவில்லை, உன் ஸ்டூலில் வேறு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். போனது நீ மட்டும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் உனக்கு மெசேஜ் போட்டேன், ஞாயிறு விழிஞ்ஞம் போலாமா, அந்த அம்மாவை இன்னொரு தடவை சிரிக்க வைக்கிறேன் என்று. பதில் உடனே வந்தது. "வர முடியல, குட்டி." சரிதான், ஞாயிறும் வேலை போல என்று நினைத்தேன். "பல்கலைக்கழகத்துக்கு ஞாயிறு லீவு இல்லையா?" என்று ஒரு பல் படத்தோடு அனுப்பினேன். நீ அதைப் பார்க்கவில்லை. யாருக்கோ கீழ்வரிசை அடுக்கிக்கொண்டிருந்தபோது அப்படியே மேஜையில் சாய்ந்துவிட்டாயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. அந்தக் கீழ்வரிசையை வேறு ஆள் மறுநாளே முடித்துக் கொடுத்துவிட்டாராம். கல்ஃப்காரர் ஃப்ளைட்டைத் தவறவிடவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ ஓவியன் ஆனாய், சித்தப்பா. தெரு அசோசியேஷன்காரர்கள் உனக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள், ஹாலில் உன் படங்களை எல்லாம் மாட்டி. வாசலில் ஃப்ளெக்ஸ். அதில் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? 'பல்கலைச் செம்மல்'. சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை. செயலாளர் மாமா தானாகவே, மனசார எழுதினது. நான் கேலிக்குப் பிடித்த சொல்லை அவர்கள் மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்தது, நிற்கவில்லை, அம்மா என்னைக் கட்டிப்பிடித்து "அழாதடி" என்றாள்.

அதற்கு நாலைந்து நாள் முன்னால் நடந்ததை உனக்குச் சொல்லியாகவேண்டும். பெரிய படத்தை ஹாலில் நடுவில் வைப்பது என்று முடிவானது. அப்பாவுக்கு அந்த வெள்ளை வாய் பொறுக்கவில்லை. "வாய் இல்லாம எப்படிடி வைக்கிறது? அச்சானியமா இருக்கு." படம் வரைகிற ஒரு மாஷை, பள்ளிக்கூட வாத்தியாரை, போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். அப்பா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்தான், ஆனால் மனசு கலங்கினால் அவர் மலையாளத்துக்குள் தமிழ் புகுந்துவிடும். "மாஷே, ஆ படம் ஒண்ணு முடிக்கணம்."

அந்தப் பக்கம் மாஷ் பதறிப்போனார். "அய்யோ, எந்தினா சாரே முடிக்குந்நது? நல்ல படமல்லே?"

மலையாளத்தில் முடிப்பது என்றால் நாசமாக்குவது. அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு 'தீர்க்கணம்' என்று திருத்தினார். எனக்கு முதல் சொல்தான் சரி என்று பட்டது. அப்பா மலையாளத்தில் அவ்வளவு சரியாகப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் மாஷ் வந்தார். பாவம், நல்ல மனுஷர். மாடியில் உன் அறையில் நின்று, "நல்ல ஒரு சிரி கொடுக்காம்" என்றார். பல்லெல்லாம் முத்து மாதிரி வைத்துவிடலாமாம். பெட்டியைத் திறந்து வெள்ளைப் பெயின்டைப் பிதுக்கினார். டாக்டர் திருப்பி அனுப்பாத பல். எனக்கு எப்போதும் எதாவது ஒரு ஜோக் வருமே, அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. "வேண்டாம் மாஷே" என்றேன். அப்பா, "நீ கீழ போ. பாதில நிக்கிற படத்தை நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க? முடிக்க வேண்டாமா?" என்றார்.

முடிக்க வேண்டாமா. அந்தச் சொல் என் காதில் விழுந்தபோதுதான், சித்தப்பா, உன் மெசேஜ் திரும்பி வந்தது. வர முடியல. வருவதற்கு முடியவில்லை என்று நான் படித்தேன். வர, அந்தப் படம், இன்னும் முடியவில்லை என்று ஏன் படிக்கவில்லை? நான் விழிஞ்ஞத்து அம்மாவைப் பற்றித்தானே கேட்டிருந்தேன். நீ அவரைப் பற்றித்தான் பதில் சொன்னாயா?

போனை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். யாரிடமும் காட்டாமல் வைத்திருந்ததை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். திரும்பப் படித்தார். அப்புறம் ரொம்ப மெதுவாகக் கேட்டார். "இது எந்த வர?"

"தெரியலப்பா."

அவர் படத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். "மாஷே, ஒரு சாய குடிச்சிட்டுப் போகாம்" என்றார். மாஷ் பெட்டியை மூடினார். பிதுக்கின பெயின்டைத் துடைக்க, நீ பிரஷ் துடைக்கும் துணிதான் கிடைத்தது.

கூட்டத்தில் மற்ற படங்களுக்குக் கீழே அசோசியேஷன்காரர்கள் அச்சடித்த சீட்டு. பெரிய படத்துக்கு மட்டும் நான் உன் பிரஷ்ஷால் தமிழில் எழுதி ஒட்டினேன். 'வர முடியல.' வந்தவர்கள் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்கள். சொந்தக் கண்காட்சிக்கு வர முடியாமல் போய்விட்டதாம் உனக்கு, என்ன ஒரு வரி என்றார்கள்.

உன் முதலாளியும் வந்தார். மைக்கில், நீ அவர் தம்பி மாதிரி என்றார், உன் கலைக்கு எப்போதும் ஃபுல் சப்போர்ட் கொடுத்தாராம். இறங்கி வந்து பெரிய படத்தின் முன்னால் நின்றார். தமிழ் படிக்கத் தெரியாது. சீட்டைக் காட்டி, "இது எந்தா மோளே எழுதியிரிக்குந்நது?" என்று கேட்டார்.

"வரான் பற்றியில்லா" என்றேன். வர முடியவில்லை.

"பாவம்" என்றார். "சாரமில்லா." பரவாயில்லையாம். காரணம் கேட்காமல் அவர் உனக்குக் கொடுத்த முதல் லீவு.

இப்போது அந்தப் படம் என் அறையில் இருக்கிறது. மூக்குக்கும் தாடைக்கும் நடுவில் அதே வெள்ளை. அந்த அம்மா சிரித்ததை நேரில் பார்த்தவர்கள் நீயும் நானும்தான், இப்போது நான் மட்டும். அதனால் தினமும் காலையில் அந்த இடத்தில் கண்ணால் பல் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று இல்லாமல், பக்கத்துப் பல் சாய்ந்து. பிரஷ்ஷைத் தொடுவதில்லை.

அப்பா என்னை டென்டல் என்ட்ரன்ஸ் கோச்சிங்கில் சேர்த்திருக்கிறார். டாக்டரே ஆகிவிடு என்கிறார், 'அந்த லைன்' வேண்டாமாம். காலையில் ஸ்கூட்டர் சாவியோடு கீழே நின்று, "நேரமாச்சு, வாடி" என்று கூப்பிடுவார். சில நாள் நான் மாடியிலிருந்து, "வர முடியலப்பா" என்பேன்.

முன்பெல்லாம் கத்துவார். இப்போது எந்த வர என்று கேட்பதில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கீழேயே நிற்கிறார்.