மஞ்சள் தண்ணி நாளில் நீ விட்ட இடைவெளி

மச்சான்,

மழை பிடித்துக்கொண்டதே என்று மூன்று வாரத்துக்கு முன் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பழைய கம்பளி ஜெர்சியை எடுத்து உதறினேன். அதன் பையிலிருந்து மஞ்சளாக ஏதோ ஒன்று தெறித்துக் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தால், நீ கிற்றார் வாசிக்கும் பிக். மாஜரின் டப்பா மூடியைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஓரத்தைச் சிமெந்துத் தரையில் தேய்த்துத் தேய்த்து நீயே செய்தது. ஒரு முனை தேய்ந்து வெளுத்திருந்தது. அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. இப்போது ஓடுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஹட்டனில் நான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடை முதலாளி ஒரு முறை கண்டிக்குப் போனபோது உனக்காக நல்ல பிக் நான்கு வாங்கி வந்தார். ஒரு நாள் வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய். "கடையில விக்கிறது சொன்ன பேச்சு கேக்குதுடா. இது கேக்காது. அதான் எனக்கு வேணும்" என்றாய். முதலாளி என்னை முறைத்தார். உன் கோமாளித்தனத்துக்கெல்லாம் ஏச்சு வாங்கியது நான்தான்.

சொன்ன பேச்சுக் கேட்காத வாசிப்பு. உன்னைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. ஒரே பாட்டைப் பத்து மேடையில் வாசித்தால் பத்து விதமாக வரும். லீட், நீ தனியாக வாசிக்கும் பகுதி, எங்கே தொடங்கும் என்று தெரியாது, எங்கே முடியும் என்று உனக்கே தெரியாது. பாட்டுக்காரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு உன் கையைப் பார்த்து நிற்பான். ரொக் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நாதஸ்வரக் குழைவு ஒன்று எட்டிப் பார்க்கும். பிறகு தடாலென்று ஒன்றுமே இருக்காது, வெறும் ஜெனரேட்டர் சத்தம்தான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நீ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வாய். தேயிலைப் பெக்டரியில் மோட்டார் பழுது பார்த்துப் பார்த்து ரோலர் இரைச்சல் உனக்குள் போய்விட்டது, அதுதான் அப்படி வாசிக்கிறாய் என்று ஒரு கட்சி. மண்டையில் கணக்குப் போட்டுத்தான் வாசிக்கிறாய் என்று மறு கட்சி.

நீ போன பிறகும் இந்த வழக்கு ஓயவில்லை. உனக்கென்று வட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது, தெரியுமா? அறுபது எழுபது பேர். உன் மனைவி லீலாவும் இருக்கிறாள், நானும் இருக்கிறேன். கணக்குக் கட்சிக்குத் தலைவி தலவாக்கலை யோகராணி டீச்சர். எதிர்க்கட்சிக்கு அக்கரப்பத்தனை செல்வராஜ். அவனை உனக்கு நினைவிருக்கும். இப்போது த்ரீவீல் ஓட்டுகிறான், அப்போது உன் கச்சேரி எங்கே நடந்தாலும் கெசட் ரெக்கோடரோடு உன் பக்கமாக வந்து நின்று பதிவு செய்துகொண்டிருந்தவன். இருவரும் உன்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதனால்தான் சண்டை இவ்வளவு காரமாக இருக்கிறது.

சண்டையெல்லாம் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில். அக்கரப்பத்தனைத் திருவிழா, கடைசி நாள், மஞ்சள் தண்ணி ஊற்றி விளையாடும் அன்று பிற்பகல் நாம் வாசித்த கச்சேரி. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதில் நீ விட்ட அந்த இடைவெளி. செல்வராஜின் பதிவைப் பிரதி எடுத்து, அதற்குப் பிரதி எடுத்து, இரைச்சல் ஏறிப்போன ஒன்றைத்தான் எல்லோரும் போனில் வைத்திருக்கிறார்கள்.

"அது வேணும்னே விட்ட எடம். அந்த மௌனந்தான் அவரோட உச்சம்" என்று டீச்சர் குரல் செய்தி போடுவார்.

"இல்ல மிஸ். அந்த எடத்துல அண்ணன் தாளத்த விட்டுட்டாரு. அப்புறம் சமாளிச்சாரு. சமாளிக்கிறதும் ஒரு தெறமதான், நான் இல்லேங்கல" என்பான் செல்வராஜ்.

நான் ஒன்றும் எழுத மாட்டேன். உன் பின்னால் இருந்து டிரம் அடித்தவன், அந்த இடத்தில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்குப் போன் அதிரும்போதெல்லாம் குறுகுறுத்தது.

அன்றைக்கு நீ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தாய். கொழும்பில் பெரிய ஹோட்டலில் வாசிக்கும் குழு ஒன்றுக்கு கிற்றார் ஆள் வேண்டுமென்று ஒருவர் உன்னைப் பார்க்க வருகிறார் என்று காலையிலேயே செய்தி வந்திருந்தது. மேடைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அவரை உட்கார வைத்திருந்தார்கள். மஞ்சள் தண்ணி தன்மேல் பட்டுவிடுமோ என்று குடையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ இரண்டு முறை அவரைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு உன் லீட் வந்தது. நான் நாலு கணக்கில் ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கீழ் லயத்து வீடுகள் பக்கம் தப்பு மேளம் கேட்டது. மஞ்சள் தண்ணி ஊர்வலம் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. இதைப் போன ஞாயிறு வரை நான் யாரிடமும் சொன்னதில்லை மச்சான், உன்னிடமும் சொன்னதில்லை, உனக்குத் தெரிந்திருந்தாலும். என் அப்பா தப்படித்தவர். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குத் தெரிந்த அடி அதுதான். டிரம் செட் வாங்க நான் அவ்வளவு பாடுபட்டதும், நாலு கணக்கைக் கடிகாரம் மாதிரி அடிக்கப் பழகியதும், மேடையில் என்னைப் பார்ப்பவன் 'இவன் இன்னார் மகன்' என்று சொல்லக்கூடாது என்பதற்காகத்தான். அந்தப் பிற்பகல் என் கால் என்னைக் கேட்கவில்லை. மேட்டில் ஏறி வந்த அந்த அடியோடு தானாகப் போய்விட்டது. கால் போக, கையும் போனது. உன் லீட்டின் நடுவில் நான் தாளத்தை விட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டேன். காது அடைத்துவிட்டது. நீ நிறுத்திவிட்டாய் என்பது மட்டும் தெரிந்தது. நிறுத்தலாம் என்று நினைத்தேன், கை நிற்கவில்லை. ஒரு பெரிய வெறுமை. பிறகு நீ தடித்த கம்பியில் ஒரே ஒரு ஒலியைப் பிடித்து, என் காலோடு சேர்ந்து, ஊர்வலத்துத் தப்போடு சேர்ந்து மேலே ஏறினாய். நனைந்து நின்ற சனம் ஆடிய ஆட்டத்தில் மேடைப் பலகை ஒன்று உடைந்தது. எனக்கு அதெல்லாம் பாதிதான் நினைவிருக்கிறது.

முடிந்ததும் அந்தக் கொழும்புக்காரர் வந்து உன் தோளைத் தட்டினார். கை நல்ல கை, தாளம்தான் நிற்கவில்லை என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். நான் மூன்றடி தூரத்தில் இருந்தேன். 'ஐயா, விட்டது இவன் இல்லை, நான்' என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்லாமல் ஸ்டாண்டின் ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தேன். சொன்னால் ஏன் விட்டாய் என்று கேட்பார்களே, அப்பா பெயர் வருமே என்ற பயம். பஸ்ஸில் வரும்போது நீ இந்த மஞ்சள் பிக்கை என் கையில் வைத்து விரல்களை மூடினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து யாரும் வரவில்லை. நீ பெக்டரி, கல்யாண வீடு, திருவிழா, கோயில் என்றே இருந்துவிட்டாய். போன வருடம் இதே மழையில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உன் நெஞ்சு நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தபடி நான் உன் பாடையைத் தூக்கினேன்.

பிக் கையில் கிடைத்த அதே வாரம் செல்வராஜ் குழுவில் எழுதினான்: "அந்த ஒரு எடத்துல அண்ணன் சறுக்காம இருந்திருந்தா இன்னைக்கு அவரு கொழும்புல பெரிய ஆளு." லீலாவும் அந்தக் குழுவில் இருக்கிறாளே, பார்த்திருப்பாள். அன்று கடையில் நான் ஒருவருக்கு வெள்ளைப் பெயிண்டுக்குப் பதிலாக நீலத்தை எடுத்துக் கொடுத்தேன். செத்த பிறகும் என் பிசகை நீ சுமப்பதா? அதை உன் மனைவி வாசிப்பதா? இனிப் பொறுக்க முடியாது என்று தோன்றியது.

போன ஞாயிறு உன் வருடத் திதி. றொசல்லயில் உன் வீட்டுக்குக் குழுவிலிருந்து இருபது பேர்போல வந்திருந்தார்கள். படையல் முடிந்து எல்லோரும் வடையைக் கையில் எடுத்ததும் டீச்சரும் செல்வராஜும் தொடங்கிவிட்டார்கள். அவன் உனக்காக அந்தக் கச்சேரியின் அசல் கெசட்டையும் பழைய ரெக்கோடரையும் கொண்டுவந்திருந்தான், எல்லோருக்கும் போட்டுக் காட்ட. நான் எழுந்து நின்றேன். கால் தானாகத் தாளம் போட்டது. எந்தத் தாளம் என்று கேட்காதே.

"செல்வராஜ், அன்னைக்கி தாளத்த விட்டது அவன் இல்ல. நான்" என்றேன். அப்பாவைப் பற்றியும் சொன்னேன். கொழும்புக்காரரிடம் வாய் திறக்காமல் நின்றதையும் சொன்னேன். லீலாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செல்வராஜ் ரெக்கோடரைப் பக்கத்தில் இழுத்தான். "இருங்கண்ணே, ஒரு நிமிஷம்" என்று கெசட்டைப் போட்டு ஓட்டினான். அசல் எவ்வளவு துலக்கமாக இருக்கிறது தெரியுமா? உன் கம்பியில் பிக் உரசுவதுகூடக் கேட்கிறது. தூரத்தில் ஊர்வலத்துத் தப்பு. என் கால் அதோடு போவது. நீ நிறுத்துகிறாய். அந்த இடைவெளியில் ஒரு கத்தல்.

"இது கூட்டத்துல எவனோ போட்ட சத்தம்" என்றார் டீச்சர். பிரதிகளில் அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது.

"இல்ல மிஸ்" என்றாள் லீலா. "இது அவரு கொரலு. திரும்பப் போடுங்க தம்பி."

அவன் திரும்பப் போட்டான். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

"அதையே அடி மச்சான்! நிறுத்தாத!"

மச்சான், நீ சிரித்துக்கொண்டே கத்தியிருக்கிறாய். குரலில் சிரிப்பு இருக்கிறது. குடை பிடித்த மனிதர் பத்தடியில் உட்கார்ந்திருக்கிறார், அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று உனக்குத் தெரியும், நாலு கணக்குக்கு என்னை இழுத்துவர ஒரு முறைப்புப் போதும். நீ முறைக்கவில்லை. அதையே அடி என்றிருக்கிறாய். தலையைக் குனிந்துகொண்டிருந்த நான் ஒருத்தன்தான் அதைக் கேட்கவில்லை.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாக. லீலா தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"கொழும்பப் பத்தி எங்கிட்டப் பேசுனதே இல்லண்ணே" என்றாள். "அந்த மஞ்சத்தண்ணி கச்சேரியப் பத்தித்தான், ஆளு கெடைச்சாப் போதும், பேசிக்கிட்டே இருப்பாரு. சோறு ஆறிப் போயிரும். நீங்க எதுக்கு இத்தன வருசம் இத மனசுல வச்சிக்கிட்டு இருந்தீங்க?"

அன்று ரயிலில் திரும்பும்போது தோள் இரண்டும் இல்லாததுபோல் லேசாக இருந்தேன். நான் வாய் திறக்காமல் நின்றது நின்றதுதான், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் கணக்கில் சாக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் உன் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன் என்று இருபத்திரண்டு வருடம் நம்பினேனே, அது பொய். அந்தப் பொய் போய்விட்டது. அப்பாடா என்று இருக்கிறது மச்சான். வேறு சொல் கிடைக்கவில்லை.

வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அன்று மாலையே குழுவில் மறுபடி தொடங்கிவிட்டார்கள். வேண்டுமென்றே விட்டதுதான் என்று நிரூபணமாகிவிட்டது என்கிறார் டீச்சர். "வேணும்னேனு எங்க இருக்கு மிஸ்? இவரு விட்டாரு, அவரு புடிச்சாரு, அவ்வளவுதான்" என்கிறான் செல்வராஜ். கத்தியதற்கு முன்பே உனக்கு அந்த யோசனை வந்துவிட்டதா, பிறகுதான் வந்ததா என்று மூன்றாவது கட்சி ஒன்று முளைத்திருக்கிறது. முதல்முறையாக நானும் ஒரு குரல் செய்தி போட்டேன்: "அவனுக்கே தெரியாது. ஆள விடுங்க." எழுபது பேரும் சிரித்த முகம் போட்டார்கள்.

வருகிற வாரம் அக்கரப்பத்தனையில் திருவிழா. மஞ்சள் தண்ணி ஊர்வலத்தில் தப்படிக்க வரச் சொல்லிச் செல்வராஜ் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். நேற்றுக் காலை அப்பாவின் தப்பைக் கூரையடி அட்டாலையிலிருந்து இறக்கித் தூசி தட்டி, அடுப்பில் காய்ச்சினேன். ஜெர்சிப் பையில் உன் பிக் இருந்தது. தோல் இறுகியதும் வாசலில் நின்று மெதுவாக ஓர் அடி அடித்துப் பார்த்தேன். பக்கத்து வீடுகளில் கதவு திறந்தார்கள். யாரோ என் அப்பாவின் பெயரைச் சொல்லி, "அவரு மகன்தான் அடிக்கிறாரு" என்றார்கள்.

நான் நிறுத்தவில்லை மச்சான்.