நீ போடாத ஓட்டு

இடது கை ஆள்காட்டி விரலில் வைத்த மை இன்னும் போகவில்லை. நகத்துக்கும் தோலுக்கும் நடுவே கருப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோப்புப் போட்டேன், சாம்பல் போட்டேன், எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தேன். அசையவில்லை. அந்தக் கையால் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடுகிறது. கொதிக்கட்டும். உனக்கும் அவசரமில்லை, எனக்கும் இல்லை.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். ஆள் வைத்து எழுதவில்லை. நீ போன மறுவருஷம் பள்ளிக்கூடத்தில் வயதானவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம். அணுபுரம் குடியிருப்பில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற வேலையை முடித்துவிட்டு வந்து, கால் கழுவிக்கொண்டு போய் உட்காருவேன். இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். பஸ் போர்டு, சோப்பு உறை, சுவர் விளம்பரம், மைல்கல் எதையும் விடுவதில்லை. செங்கல்பட்டு போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பாவம். வாய்விட்டுத்தான் படிக்க வருகிறது எனக்கு. நீ இருந்திருந்தால் அடிக்க வந்திருப்பாய்.

சேதிக்கு வருகிறேன். நீ செத்து நாலு வருஷம் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால் நடந்த சட்டமன்றத் தேர்தலில் நீ ஓட்டுப் போட்டுவிட்டாய்.

சிரிக்காதே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் இரண்டு பேரும் கடைசியாக ஒன்றாகப் போய் ஓட்டுப் போட்டது உனக்கு நினைவிருக்கும். அப்போது யந்திரம் வரவில்லை, காகிதத்தில் முத்திரை குத்துகிற காலம். நீ பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டாய். நான் வாசற்படியில் நின்றேன். மேசையில் இருந்த அதிகாரி தெற்கத்திக்காரர். உன் பெயரைப் பட்டியலில் பார்த்துவிட்டு, “கணவர் பெயர் என்னம்மா?” என்றார்.

“லிஸ்டுல கீது பாரு சார்.”

“லிஸ்ட்ல இருக்கு. நீங்க சொல்லணும்.”

“அத்த நான் எப்படி சொல்றது? காஞ்சிவரத்துல பெரிய கோயிலு கீதுல்ல, அந்த சாமி பேரு.”

“காஞ்சிபுரத்துல தெருவுக்கு ஒரு கோயில் இருக்கும்மா. எந்தச் சாமி?”

“மாமரத்தாண்ட கீற சாமி.”

அந்த மனுஷருக்கு மாமரமும் தெரியவில்லை, சாமியும் தெரியவில்லை. பேனாவை மேசைமேல் போட்டுவிட்டார். நீ திரும்பி என்னைப் பார்த்துக் கையை நீட்டினாய்.

“ந்தா, வாசப்படியில பல்லக் காட்டிகினு நிக்குது பாரு, அத்தோட பேருதான்.”

ரூமே சிரித்தது. கட்சி ஏஜெண்டாக பெஞ்சியில் உட்கார்ந்திருந்த நம் தணிகாசலம்தான் கடைசியில், “ஏகாம்பரம் சார். அண்ணி செத்தாலும் அவரு பேரச் சொல்லாது” என்று சொல்லி உன்னைக் காப்பாற்றினான். நீ கட்டை விரல் ரேகையை வைத்துவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, ராணி மாதிரி அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாய்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். “யாருக்கும்மே குத்துன?”

“உனுக்கு இன்னாத்துக்கு? என் ஓட்டு, நான் குத்துனேன்.”

ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் இதே பதில். மீன் குழம்பில் நடுத்துண்டை எனக்குப் போட்டுவிட்டு நீ வால் துண்டைத் தின்பாய். ஓட்டை மட்டும் காட்டவே மாட்டாய். எனக்கு அப்போது எரிச்சலாக வரும். பெண்டாட்டி மனசில் புருஷனுக்குத் தெரியாமல் ஒரு பெட்டி இருக்கலாமா என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன். இருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய?

இந்தத் தடவையும் அதே பள்ளிக்கூடம், அதே வாசற்படி. நான் ஆண்கள் வரிசையில் முன்னால் நின்றேன். அதிகாரி மட்டும் வேறு ஆள். பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி உள்ளே போனாள். ஐம்பது வயதிருக்கும், மஞ்சளில் பூப்போட்ட புடவை. நம் ஊர்க்காரி இல்லை. சீட்டை நீட்டினாள். அதிகாரி நம்பரைப் படித்துவிட்டு, சத்தமாக உன் பெயரைப் படித்தார்.

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. நீதான் வந்துவிட்டாய் என்று திரும்பிப் பார்த்தேன். பைத்தியக்காரன் மாதிரி.

“கணவர் பெயர்?”

“ஏகாம்பரம்.”

பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரி டக்கென்று சொன்னாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் பெண்டாட்டி வாயால் என் பெயரைக் கேட்டது அன்றைக்குத்தான், அதுவும் எவளோ ஒருத்தி வாயால்.

“ஏய், யாருமே நீ? எனுக்கு எப்பம்மே பொண்டாட்டி ஆன?” என்று கத்தினேன்.

பின்னால் வரிசையில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். “இன்னா ஏகாம்பரம், கல்யாணத்துக்குச் சொல்லவே இல்ல!” என்று ஒருவன். போலீஸ்காரர் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டாள், விரலை நீட்டி மை வைத்துக்கொண்டாள், தடுப்புக்குப் பின்னால் போனாள். கீ என்று யந்திரம் கத்தியது. அடுத்த கதவு வழியாகப் போயேவிட்டாள்.

அதிகாரியிடம் போய் நின்றேன். “பெரியவரே, பேரைச் சத்தமாப் படிச்சேன். ரெண்டு ஏஜெண்டும் ஆட்சேபணை சொல்லலை. விழுந்த ஓட்டை யந்திரத்துக்குள்ள கையை விட்டா எடுக்க முடியும்?” என்றார். அவர் வெளியூர்க்காரர், உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்றுதான் ஏஜெண்டுகளை உட்கார வைத்திருக்கிறார்கள். அதே பெஞ்சியில் தணிகாசலம். முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்க்கட்சி ஏஜெண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“டேய் தணிகாசலம், உங்க அண்ணி பாடையத் தூக்குனவன்தானடா நீ?”

“வுடு அண்ணாத்த” என்றான் மெல்ல. “அவங்க ஆளுன்னு ரெண்டு வரும், நம்ம ஆளுன்னு ரெண்டு வரும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், அவரும் கேக்க மாட்டாரு. அப்பதான் பொழுது போவும். பேஜாரு பண்ணாத, உன் ஓட்டப் போட்டுட்டு வூட்டுக்குப் போ.”

உன்னை எரித்த இடத்துக்குச் சுமந்து போன தோள் அவனுடையது. அந்தத் தோளை நிமிர்த்தி, ‘இந்தம்மா இல்ல சார் அது’ என்று நாலு வார்த்தை சொல்ல அவனுக்கு ஆகவில்லை. எனக்கு என்ன ஆத்திரம் தெரியுமா? யாருக்குக் குத்தினேன் என்று நீ எனக்கே சொல்லாத ஓட்டு. அதை எவளோ ஒருத்தி, எவனோ சொன்ன பொத்தானில் அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

இதைவிடக் கொடுமையைக் கேள். ஓட்டு எண்ணினார்கள். தணிகாசலம் கட்சி தோற்றது. மறுநாள் காலையில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான், கையில் ஒரு மனு. கள்ள ஓட்டு, அக்கிரமம், ஜனநாயகம் செத்துப்போச்சு என்று தெருவே கேட்கக் கத்துகிறான். முகட்டைப் பார்த்தபடி பெஞ்சியில் மூடிக்கிடந்த அதே வாய்.

“அண்ணாத்த, நீதான் கண்ணால பாத்த சாட்சி. இதுல ஒரு கைநாட்டு வையி.”

“கைநாட்டா? கையெழுத்தே போடுவேன். முதல்ல குடு, படிக்கிறேன்.”

“நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்.”

“சாயட்டும், உக்காரு.”

உட்கார வைத்துப் படித்தேன், வாய்விட்டுத்தான். அவனுக்கு வியர்த்தது. செத்தவர்கள் பெயரில் ஓட்டெல்லாம் எதிர்க்கட்சிதான் போட்டது என்று எழுதியிருந்தது. அதில் உன் பெயரும் இருந்தது.

“ஏண்டா, அந்தப் பொம்பள யாருக்குப் போட்டுச்சுன்னு உனுக்கு எப்படித் தெரியும்?”

“ஜெயிச்சவனுக்குத்தான் போட்டிருக்கும்.”

“நீங்க ஜெயிச்சிருந்தா?”

“ஜெயிச்சிருந்தா நான் எதுக்கு மனு எழுதப்போறேன்? இன்னா அண்ணாத்த நீ!”

மனுவை மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்து அனுப்பினேன். பிறகு நானே ஒரு மனு எழுதினேன். ஏழு வரி. மூன்று நாள் ஆயிற்று. என் மனைவி இறந்துவிட்டாள், அவள் பெயரில் வேறு ஆள் ஓட்டுப் போட்டதை நான் பார்த்தேன், யார் என்று விசாரிக்க வேண்டும் என்று எழுதினேன். எழுதி முடித்ததும், கோபத்துக்கு நடுவிலும் ஒரு சந்தோஷம். ஏழு வரியும் நேராக இருந்தன. வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

ஆபீசில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா மனுவை வாங்கிப் படித்தாள். “நீங்களே எழுதினதா தாத்தா?” என்று கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். விசாரிக்க மேலே அனுப்புகிறேன் என்றாள். பிறகு, “போன வருஷம் வீடு வீடா வந்து பட்டியல் சரிபார்த்தாங்களே, அப்ப சொல்லலையா?” என்றாள்.

“யாரும் வரலம்மா” என்றேன்.

அவள் எழுந்து போய் ஒரு கட்டைக் கொண்டுவந்து, தேடி, ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். நம் வீட்டு நம்பர். இரண்டு பேர். இருவரும் குடியிருக்கிறார்கள். கீழே ஏகாம்பரம் என்று கோணல்மாணலாக ஒரு கையெழுத்து.

இதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? வந்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் பட்டியலோடு வந்தார். “ரெண்டு பேரும் இருக்கீங்கல்ல?” என்று கேட்டார். நான் என் படிப்பைக் காட்டிக்கொள்ள அந்தத் தாளைக் கையில் வாங்கினேன். என் பெயரைப் படித்தேன். அதற்குக் கீழே உன் பெயர் இருந்தது. அச்சடித்த எழுத்தில், எந்தக் கோடும் படாமல், முழுசாக. நான் அதுவரை உன் பெயரைப் படித்ததே இல்லை. ரேஷன் கார்டில் நீ செத்த மாதமே கோடு போட்டு அடித்துவிட்டார்கள். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த பிறகு அதை எடுத்துப் பார்த்தால் கோடுதான் தெரிந்தது. இங்கே நீ எனக்குக் கீழே, அடுத்த நம்பரில், உட்கார்ந்திருந்தாய். நான் ஆமாம் என்று சொன்னால் இருப்பாய், இல்லை என்று சொன்னால் அடித்துவிடுவார்.

“கீறோம் சார்” என்றேன். அவர் பேனாவைக் கொடுத்தார். வகுப்புக்கு வெளியே நான் போட்ட முதல் கையெழுத்து அது. பட்டியலைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டிய பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் படித்துவிட்டு வந்தேன். பார்க்கிறவர்கள் ஓட்டு மேல் இந்த ஆளுக்கு என்ன அக்கறை என்று நினைத்திருப்பார்கள்.

கைநாட்டு வைத்த காலத்தில் நான் ஒரு பொய்க்கும் விரலை வைத்ததில்லை. கற்றுக்கொண்ட எழுத்தில் போட்ட முதல் கையெழுத்தே பொய்.

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “இந்தப் பேர் பட்டியல்ல இருந்ததாலதானே தாத்தா அவங்க வந்தாங்க?” என்று மட்டும் கேட்டாள். பெயர் நீக்குகிற படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். “நான் எழுதித் தரட்டுமா?” என்றாள். வேண்டாம் என்றேன்.

வெளியே பெஞ்சியில் உட்கார்ந்து எழுதினேன். நீக்க வேண்டியவர் பெயர் என்று ஒரு கட்டம். வகுப்பில் குடும்பத்தார் பெயரையெல்லாம் எழுதச் சொன்னபோது, மகன் பெயர், மருமகள் பெயர், பேத்தி பெயர் எல்லாம் எழுதினேன். உன் பெயரை எழுதக் கூச்சமாக இருந்தது. நாளைக்கு எழுதலாம் என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டது இந்தக் கட்டத்தில் வந்து நின்றது. உன் பெயரை நான் முதல் தடவையாக எழுதியது, அதை அடிக்கச் சொல்லி. பேனா இரண்டு இடத்தில் நின்றுபோயிற்று. காரணம் என்ற கட்டத்தில், இறந்துவிட்டார் என்று எழுதினேன். மனுவில் எழுதிய மாதிரி ‘விட்டாள்’ என்று இங்கே எழுத மனம் வரவில்லை. அந்த அம்மா வாங்கி முத்திரை குத்தி, அடுத்த பட்டியலில் வராது என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்றைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தணிகாசலம் டீக்கடையில் நின்றான். “இன்னா அண்ணாத்த, அங்க இன்னா சொன்னாங்கோ? எவன் பண்ணானாம்?” என்றான். அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லாமல் வந்துவிட்டேன்.

பூப்போட்ட புடவைக்காரியை இனி நான் பார்க்கப்போவதில்லை. தணிகாசலத்தைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடலாம். மூன்றாவது ஆளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவனோடுதான் தினமும் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, அவன் தட்டில்தான் சோறு போட வேண்டியிருக்கிறது. பெண்டாட்டி பெயரைப் படிக்கிற ஆசையில், அவள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததைத் திருடனுக்குத் திறந்து வைத்த ஆள். நல்லவன்தான். ஆனால் முட்டாள். நீ நாற்பது வருஷம் எப்படி அவனோடு குடித்தனம் பண்ணினாயோ.

கடிதம் என்றால் கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் மேலே எழுதியதையெல்லாம் இப்போது ஒரு தடவை படித்துப் பார்த்தேன், வாய்விட்டு. எல்லாம் நடந்ததுதான். போடுகிறேன்.

ஏகாம்பரம்