கொடியும் கோடியும்

ஜூலை 18, சனி

அக்காவை ரயிலேற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரே அசதி.

நான் சேர்த்துவரும் ஜப்பான் கொடிகளில் இன்னொன்று இன்று தபாலில் வந்தது. அந்தக் காலத்தில் போருக்குப் போகிறவனை வழியனுப்ப ஊர்கூடித் தூக்கிப் பிடித்த நீள வெள்ளைத் துணி. நடுவில் அவன் பெயர். கிள்ளானில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, "வீட்டுக்குக் கொடி வந்திருச்சுக்கா" என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

அவள் காதில் விழுந்தது கோடி. பிணத்துக்குப் போர்த்தும் புதுத்துணி. என் மனைவிக்கு ஒரு மாதமாக உடம்பு முடியவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அழுதுகொண்டே பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தது என் மனைவி.

என்னைத் திட்டி முடித்த பிறகுதான் மேசையில் விரித்திருந்த துணியைப் பார்த்தாள்.

"இந்தப் பையன் திரும்பி வந்தானா?"

"தெரியலக்கா."

"சயாம்ல ரயில் ரோடு போட தாத்தாவ ஜப்பான்காரனுங்க லோரியில ஏத்திட்டுப் போனானுங்க. அவரும் வரல. அவருக்குக் கொடியும் இல்ல, கோடியும் இல்ல. நீ இவனுக்கு அலமாரி வெச்சிருக்க."

அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன்.

உள்ளே மனைவி இருமுகிறாள். துணியை எடுத்து வைக்க வேண்டும். எப்படி மடித்தாலும் கோடி மாதிரியே இருக்கிறது.