சாவகச்சேரிக் கிளையின் குளியலறைப் பொறுப்பாளர்

கோப்பாய்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் வாகீசனுக்கு,

நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் சீனி வருத்தம் எங்கள் இருவரையும் விடச் சுகமாக இருக்கிறது. நீயும் சிவகௌரியும் பிள்ளையும் அந்தக் குளிரிலும் குறையில்லாமல் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் மறிப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டும் சாமான் கடை திறந்த கொழும்புக் கம்பனி இப்போது சாவகச்சேரியிலும் கிளை திறக்கிறது. பைப், ரைல்ஸ், பெயின்ற், கக்கூஸ் கொமட் எல்லாம் ஒரே கூரையின் கீழ். இருநூறு இளைஞர்களுக்கு வேலை என்று யாழ்ப்பாணக் கடைத் திறப்பு விழாவில் பேசினார்கள். அந்த இளைஞர்களில் ஐம்பத்தாறு வயதான நானும் ஒருத்தி. நேர்முகத்தில் அனுபவம் கேட்டார்கள். மகனுக்கு மாடிவீடு கட்டினேன், மூன்று மேசன்மாரோடு சண்டை பிடித்தேன் என்றேன். உடனே எடுத்துவிட்டார்கள்.

நீயோ அன்றிலிருந்து, "அம்மா, கடையிலை நிண்டு எங்கடை மானத்தை வாங்காதையுங்கோ, நான் காசு அனுப்புறன்தானே" என்கிறாய். ரொறொன்ரோவில் கேட்பவர்களுக்கு அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, வெளியே போவதில்லை என்று சொல்லியும் வைத்திருக்கிறாய். நீ அங்கே போய்ச் செய்த முதல் வேலையும் இப்படியொரு கடையில்தான், மகன். அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான்.

இங்கே யாரும் தாங்களாக ஒரு பைப்கூட வாங்குவதில்லை. வெளிநாட்டுப் பிள்ளை எழும்பி வீடியோவில் வரும்வரை கதிரையில் காத்திருப்பார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கவே ஒரு பெண்ணை வைத்திருக்கிறோம். அதுவும் வேலைவாய்ப்புக் கணக்கில் சேரும். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு ஐந்து குளியலறை. ஏன் என்று நான் கேட்பதில்லை, எங்கள் வீட்டில் நான்கு.

போன கிழமை, பெரியம்மாவின் மகன் பிரகாஸ் உடுவிலில் கட்டும் வீட்டுக்குக் கொமட் பார்க்க அவனுடைய மேசன் நீக்கிலாப்பிள்ளை வந்தார். மொன்றியலிலிருந்து பிரகாஸ் வீடியோவில் வந்தான். நான் கொமட்டைக் காட்ட அவன் என்னைக் கண்டுவிட்டான். "சின்னம்மா, நீங்களே? முழங்கால் ஏலாதெண்டு வாகீசன் சொன்னவன்!" என்றான். "ஓம் தம்பி, இப்ப சுகம். உதிலை சத்தமில்லாமல் மூடுற மூடி இருக்கு, எடு" என்றேன். மூன்று எடுத்தான்.

சாவகச்சேரிக் கிளையில் குளியலறைப் பிரிவுக்கு என்னையே பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். நேற்றுக் கையெழுத்து வைத்துவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை. எனக்குக் கீழே ஐந்து பேர், இருவர் பட்டதாரிகள். மேடம் என்கிறார்கள், நான் மறுக்கவில்லை.

இந்தக் கடிதம் வருமுன் பிரகாஸ் கனடா முழுக்கச் சொல்லியிருப்பான். கேட்பவர்களுக்கு நீயும் நிமிர்ந்து சொல். பிள்ளையைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. மூவரும் நோய்நொடியின்றி நீடு வாழ்க. மறக்காதே, இந்த மாதம் காசு அனுப்ப வேண்டாம். உன் பிறந்தநாளுக்கு நான் அனுப்புகிறேன்.

உன் அன்பு அம்மா,
குணலட்சுமி