பதினேழு காலடி

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று, மார்ச் 9, ஞாயிறு, காலை 11.42. பதினேழு காலடி. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? நானும் தங்கச்சி முத்துமாரியும் நலம்.

பெங்களூர் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில், ஓடிவந்து மேசையைத் தாண்டும் வால்ட் பிரிவில், தங்கச்சி முதல் தாவலில் உட்கார்ந்தபடி விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. தப்பு என்னுடையது. ஓசூர் சிப்காட் ரோட்டில் அவளை ஷூவோடு ஓடவிட்டு, கம்பெனி டேப்பால் அளந்து, "இத்தன மீட்டர்லருந்துதான் ஓடணும்" என்று அடம்பிடித்தவன் நான். போட்டியில் வெறுங்காலில் ஓடுகிறார்கள்; காலடியின் நீளம் மாறி, குதிக்கும் இடம் தப்பிவிட்டது.

இரண்டாவது தாவலுக்கு முன் கேலரியில் இருந்த என்னைப் பார்த்துக் கத்தினாள்: "அண்ணே, ஒன் டேப்ப மடிச்சு வையி!" நான் அளப்பதற்கு முன் அவளே காலடி எண்ணி வைத்திருந்த பழைய இடத்துக்கே போய், பதினேழு காலடியில் ஓடிவந்து, மேசையைக் கையால் தள்ளி அந்தரத்தில் சுழன்றாள். நட்டுவைத்த கம்பம் மாதிரி இறங்கி நின்றாள். இரண்டு தாவலின் சராசரியில் மூன்றாம் இடம். டெல்லியில் நடக்கும் தேசிய முகாமுக்கு எடுத்துவிட்டார்கள்!

"இன்னொரு தடவ விழுந்தா நம்ம கமுதிக்கே அனுப்பிரு" என்றீர்கள். விழுந்தது என்னால். எழுந்தது அவளால். இத்துடன் இருக்கும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள். கூடவே கொஞ்சம் சுண்டை வத்தல், ஒரு ஆளுக்குப் போதும்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

மகன் பூமிராஜ்

இனி நான் செய்யப்போவது:
1. போகிற வழியில் இதைத் தபாலில் போடுவேன்.
2. படிவம் வந்ததும் அவளை டெல்லி ரயிலில் ஏற்றிவிடுவேன்.
3. ஒருவனுக்கு மட்டும் சோறு வடிக்கப் பழகுவேன்.
4. அவள் ஓட்டத்தை இனி அளக்க மாட்டேன்.