இலையில்லாத பூவைப் பார்த்து வந்தோம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. என் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாரும் சௌக்கியம், உன் சௌக்கியத்தை ஒளிக்காமல் எழுது. தையல் கடையைப் பூட்டிவிட்டு நானும் அப்பாவும் மழைக்காட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறோம், திட்டாதே. கல்லூரியில் படிக்கும்போதிருந்து நீ பார்க்கத் துடித்தாயே, இலையில்லாத ஆர்க்கிட், அது பூத்திருக்கிறது என்று உன் பழைய மலையேற்றக் குழுவிலிருந்து போன் வந்தது, நீ வேலைக்காக வெளிநாடு போய்விட்டாய் என்று சொல்ல வாயெடுத்தவள், நாங்கள் வரலாமா என்று கேட்டுவிட்டேன்.

வழியெல்லாம் அட்டை. "நம்ம கல்யாணத்துலகூட இத்தனை பேர் என்னை ஒட்டிக்கிட்டு நின்னதில்ல" என்கிறார் அப்பா. உன் மழைக்கோட்டைத்தான் போட்டுக்கொண்டேன், கை நீளமாக இருந்ததால் மடித்துத் தைத்துவிட்டேன். கூடாரத்துக்குள் எல்லாம் ஈரம், தலையணைக்குப் பதில் பை, ஆனாலும் அப்பாவின் குறட்டைக்கு ஒரு குறையும் இல்லை, பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள் தள்ளிப் போய்ப் படுத்தார்கள். மறுநாள் ஓடையில் இறங்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. வழிகாட்டி, "நீங்க இங்கயே உக்காருங்கம்மா, நாங்க பாத்துட்டு வந்துடறோம்" என்றார். என் மகள் பார்க்க வேண்டியதைப் பார்க்க வந்திருக்கிறேன், உட்காருவதற்கு வீட்டிலேயே நாற்காலி இருக்கிறது என்று சொல்லிவிட்டு அப்பாவின் தோளைப் பிடித்துக் கடந்தேன்.

ஒரு பெரிய மரம், அதன் உடம்பில் பச்சை நூல் பிரிந்தாற்போல வெறும் வேர்கள். நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பூ, காற்றில் மிதப்பதுபோல ஆடிக்கொண்டிருந்தது. நான் என்னை மறந்து பின்னால் திரும்பி, "குட்டிம்மா, சீக்கிரம் வாடி, இங்க பாரு" என்று கத்திவிட்டேன். பின்னால் வந்த பெண்கள் யாரைக் கூப்பிடுகிறேன் என்று தேடினார்கள். அப்பா மட்டும் தேடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஈரத் தலையோடு தூங்காதே, நின்றுகொண்டே சாப்பிடாதே, அடுத்த வருஷ லீவை இப்போதே கேட்டு வை. போகிற இடமெல்லாம் உன் கால் வழுக்காமல் இருக்கட்டும், நல்லாயிரு. அப்பா அந்தப் பூவை நிறையப் படம் எடுத்திருக்கிறார், ஒன்றையும் அனுப்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அனுப்பினால், பார்த்துட்டேன்மா என்று சொல்லி அங்கேயே இருந்துவிடுவாய்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா